கணக்கும் வழக்கும்: கெய்ரோ கெனிசா ஆவணம் படிக்கப் புதிதாக வருபவருக்கு

பழைய கிரயப் பத்திரம் ஒன்றையாவது உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறீர்களா? "நாளது தேதியில்", "மனப்பூர்வமாகச் சம்மதித்து", "யாதொரு வில்லங்கமும் இல்லை" என்று முக்கால் பக்கம் ஓடும். யார் விற்றார், எவ்வளவு நிலம், என்ன விலை என்பதெல்லாம் நடுவில் இரண்டே வரியில் கிடக்கும். அந்த இரண்டு வரியைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவருக்கு, 900 வருடத்துக்கு முந்தைய எபிரேய எழுத்து ஆவணமும் அப்படியொன்றும் பூதமில்லை. மொழி புதிது, எழுத்து புதிது. ஆனால் பத்திரம் பத்திரம்தான்.

யூதச் சமூகங்களின் கணக்கையும் வழக்கையும் காட்டும் பழைய ஆவணங்களில் இரண்டு பெரிய குவியல்கள் உண்டு. ஒன்று எகிப்தின் கெய்ரோ கெனிசா, பெரும்பாலும் 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை. இன்னொன்று ஐரோப்பாவின் பின்காஸ் என்ற சமூகப் பதிவேடுகள், பெரும்பாலும் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை. புதிதாக வருபவர் கெனிசாவில் தொடங்குவதே நல்லது. தாள்களின் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்கு அச்செழுத்தில் படியெடுத்த வாசகமும் உண்டு, அதாவது விடை பின்னால் இருக்கும் கணக்குப் புத்தகம் மாதிரி.

கெனிசா என்பது என்ன? காகிதத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம் அல்லவா, அந்த எண்ணத்தின் கறாரான வடிவம். கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள். ஓர் அறையில் போட்டு வைத்து, பிறகு எடுத்துப் புதைப்பார்கள். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் அறையில் போட்டார்கள், எடுக்கத்தான் இல்லை. கடவுள் பெயர் இருக்கிறதா என்று யாரும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. எபிரேய எழுத்தா, உள்ளே போடு. அப்படித்தான் வேதப் புத்தகத் தாளோடு வாடகைக் கணக்கும், விவாகரத்துப் பத்திரமும், கடன் சீட்டும் போய்ச் சேர்ந்தன. 1896 கடைசியில் கெய்ரோ போன கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தது மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள். ஆக்ஸ்ஃபோர்டு, நியூயார்க், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மீதி பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இந்தத் தாள் யாருக்கு, எதற்குத் தேவைப்பட்டது? யாரும் வரலாறு எழுத உட்காரவில்லை. யாரோ ஒருவருக்கு ஒரு சாட்சியம் தேவைப்பட்டது, ஒரு பாக்கியை வசூலிக்க வேண்டியிருந்தது, ஒரு பழியிலிருந்து தப்ப வேண்டியிருந்தது. கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதலில் எழுத்து, மொழி அப்புறம்

எபிரேய மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருவேன் என்றால் வரவே மாட்டீர்கள். எழுத்துகள் மொத்தம் 22. அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். வலமிருந்து இடம். உயிர்க்குறிகள் அநேகமாக இருக்காது. அச்செழுத்து ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். கையெழுத்துதான் படுத்தும். தாலெத்தும் ரேஷும் ஒன்றுபோல இருக்கும், ஹேயும் ஹேத்தும் ஒன்றுபோல இருக்கும். வாவ், யோத், ஸாயின் மூன்றும் அவசரக் கையில் வெறும் கோடுகள்.

இதற்கு எனக்குப் பலித்த வைத்தியம், ஒரே ஒரு எழுத்தரைப் பிடித்துக்கொள்வது. என் தேர்வு ஹல்ஃபோன் பென் மனாஸ்ஸே. 1100 முதல் 1138 வரை ஃபுஸ்தாத் யூத நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் கையால் எழுதிய ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. பத்து ஆவணம் பார்ப்பதற்குள் அவருடைய கை உங்களுக்குப் பழகிவிடும். பதினோராவதில் பெயர் இல்லாவிட்டாலும் "இது நம்ம ஹல்ஃபோன்" என்று சொல்லிவிடுவீர்கள். தேதி கிழிந்துபோன தாளுக்கு அதுவே முப்பது நாற்பது வருடத்துக்குள் ஒரு காலக்கணிப்பு.

எழுத்து பிடிபட்டதும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. எழுத்து எபிரேயம், மொழி அரபி! காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் போல, எகிப்து யூதர்கள் தாங்கள் பேசிய அரபியை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். இதற்கு யூத அரபி என்று பெயர். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் "அல்" என்பதை ஆலெஃப், லாமெத் இரண்டையும் பிணைத்து ஒரே எழுத்தாகப் போடுவார்கள். பக்கம் முழுக்க அந்தப் பிணைப்பு தெரிந்தால் அது அரபி. ஒரே பத்திரத்தில் மூன்று மொழியும் வருவது சகஜம்: சட்ட வாய்பாடு எபிரேயத்துக்கு உறவு மொழியான அரமேயத்தில், வாழ்த்தும் பட்டங்களும் எபிரேயத்தில், நடந்த கதை அரபியில். இது குழப்பம் மாதிரி தெரிந்தாலும் உண்மையில் உதவிதான். மொழி எங்கே அரபிக்கு மாறுகிறதோ, அங்கேதான் நீங்கள் தேடும் இரண்டு வரி.

தேதியைக் கழித்தல்

எபிரேய எழுத்துகளே எண்களும் ஆகும். க, உ, ங என்று பழைய தமிழ் எண்களைப் பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆலெஃப் 1, யோத் 10, கோஃப் 100, தாவ் 400. பதினைந்தை மட்டும் 10+5 என்று எழுதமாட்டார்கள், கடவுளின் பெயர்போல ஆகிவிடும் என்று 9+6 என எழுதுவார்கள். பதினாறும் அப்படியே, 9+7. பத்திரங்களில் ஆண்டைப் பெரும்பாலும் சொல்லாகவே எழுதியிருப்பார்கள்.

எகிப்தின் பத்திரங்களில் ஆண்டு, பழைய செலூக்கிய அரசர்கள் காலத்திலிருந்து எண்ணும் செலூக்கிய கணக்கில் இருக்கும். இதைப் "பத்திரக் கணக்கு" என்றே அழைத்தார்கள். இலையுதிர் காலத்தில் வரும் திஷ்ரி மாதம் தொடங்கி டிசம்பர் முடியும் வரை 312ஐக் கழியுங்கள். மற்ற மாதங்களுக்கு 311. ஒன்றைச் செய்து பார்ப்போம். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மலபார்க் கரையில் வாணிபம் செய்த ஆபிரகாம் பென் யிஜு, ஆஷு என்ற தன் இந்திய அடிமைப் பெண்ணை விடுவித்து மங்களூரில் எழுதிய பத்திரம் இருக்கிறது. ஆண்டு 1444, மாதம் அக்டோபரை ஒட்டியது. 1444இலிருந்து 312 போனால் 1132. அக்டோபர் 17, 1132. சரி, நம் கேள்வியைப் போடுங்கள்: இந்தத் தாள் யாருக்குத் தேவைப்பட்டது? ஆஷுவுக்குத் தேவைதான். அதே அளவு, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் தேவை. தாய் விடுதலை பெற்றவர் என்று காட்ட முடியாவிட்டால் பிள்ளைகளின் சட்ட நிலையே கேள்விக்குறியாகிவிடும்.

உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் படைப்புக் கணக்கில் ஆண்டு இருந்தால் 3760ஐக் கழிக்க வேண்டும், திஷ்ரி முதல் டிசம்பர் வரை 3761. இன்னொரு விஷயம், யூதர்களுக்கு நாள் தொடங்குவது முந்தைய மாலையில். வாரக் கிழமை ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் அதை நினைவில் வையுங்கள்.

தேதியே இல்லையா? "நைல் நதிமேல் அமைந்த ஃபுஸ்தாத்தில், இன்ன தலைவரின் ஆளுகையில்" என்று ஒரு சொற்றொடர் வரும், அதைத் தேடுங்கள். தலைவர் மஸ்லியாஹ் என்று இருந்தால் 1127க்கும் 1139க்கும் இடையில். நம்மூர்க் கல்வெட்டில் மெய்க்கீர்த்தியை வைத்து அரசனைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை.

கணக்குச் சீட்டு

ஃபுஸ்தாத் சமூகத்துக்குக் கோதெஷ் என்ற பொதுச் சொத்து இருந்தது. மக்கள் எழுதி வைத்த வீடுகள், கடைகள், வீட்டில் பாதிப் பங்கு, கால் பங்கு. நம் ஊரில் கட்டளைச் சொத்து என்போமே, அதுதான். வாடகை வசூலித்து, ஜெப ஆலயத்துக்கும் ஊழியர்களுக்கும் ஏழைகளுக்கும் செலவழித்து, கணக்கு எழுதினார்கள்.

ஒரு மாதச் சீட்டை எடுத்தால் ஒரு பக்கம் வரவு. இன்ன வீட்டின் மாடியில் இருப்பவர் இவ்வளவு, கீழ்த்தளத்தில் இருப்பவர் இவ்வளவு, பாக்கி இவ்வளவு. இன்னொரு பக்கம் செலவு. விளக்குக்கு எண்ணெய், இரவுக் காவலுக்குக் கூலி, அரசாங்கத்துக்கு மனைவாடகை, குழாய் அடைப்பு எடுத்ததற்கு, குப்பை அள்ளியதற்கு, காரை பூசியதற்கு. இதில் சுவாரஸ்யம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான்கு மாதச் சீட்டை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே ஆள் பெயருக்கு நேரே பாக்கி ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு மாதம் அந்தப் பெயரே இருக்காது.

தொகைகள் சில சமயம் புரியாத சுழிகளாக இருக்கும். எழுத்தர் கிறுக்கியிருக்கிறார் என்று நானும் வெகு நாள் தாண்டிப் போயிருக்கிறேன். அவை காப்டிக் எண்கள். எகிப்தில் கணக்கு எழுதியவர்கள் எந்த மதமானாலும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். ஒரு பட்டியலை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பணத்தில் தங்க தினார், வெள்ளி திர்ஹம். ஒரு தினாருக்கு 24 கிராத். தினாருக்கு ஏறக்குறைய 40 திர்ஹம் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம், விகிதம் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கும். தயவுசெய்து ரூபாய்க்கு மாற்றாதீர்கள், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தக் காலத்துச் செலவோடு ஒப்பிடுங்கள். கெனிசா ஆவணங்களிலேயே வாழ்நாளைக் கழித்த கோய்டைன், ஓர் எளிய குடும்பம் மாதம் இரண்டு தினாரில் காலம் தள்ளலாம் என்று கணித்தார். இப்போது இதைப் பாருங்கள்: கடற்கொள்ளையர் கையில் சிக்கிய ஒருவரை மீட்க வழக்கமான விலை 33⅓ தினார், மூன்று பேருக்கு 100. அதாவது ஒரு குடும்பத்தின் ஏறக்குறைய பதினேழு மாதச் செலவு. ஊர் ஊராகக் கடிதம் எழுதி நன்கொடை கேட்டதன் காரணம் உடனே விளங்கும். 1168இல் சிலுவைப்போர்ப் படை பில்பெய்ஸ் ஊரைப் பிடித்துச் சிறைகொண்டவர்களுக்காக அப்படிப் பணம் திரட்ட, பெரும் யூத அறிஞரான மைமோனிடிஸே கடிதம் எழுதினார்.

என்னைக் கட்டிப்போட்டது வேறொரு வகைச் சீட்டு: ரொட்டிப் பட்டியல். செவ்வாயும் வெள்ளியும் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தார்கள். பெயர், பக்கத்தில் ரொட்டி எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆனால் பலருக்குப் பெயரே இருக்காது. இன்னாரின் விதவை, கண் தெரியாதவர், ரூம் (பைசாந்தியம்) நாட்டிலிருந்து வந்தவர், அநாதைப் பிள்ளைகள். யாருக்குத் தேவைப்பட்ட தாள் இது? விநியோகம் செய்தவருக்கு. வரிசையில் நிற்பவரை அவருக்கு அடையாளம் தெரிந்தால் போதும், நமக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

பத்திரத்தைக் கீழிருந்து படியுங்கள்

வழக்கு ஆவணத்துக்கு வருவோம். மேலிருந்து ஆரம்பித்தால் பட்டங்களிலும் வாழ்த்துகளிலும் மூச்சு முட்டும். நேரே அடிக்குப் போங்கள். சாட்சிக் கையொப்பம் இருக்கிறதா? குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் கையில் இருப்பது வரைவு அல்லது நகல். அதற்கு மேலே "ஷரீர் வ-கய்யாம்" என்று இரண்டு சொல் தெரிகிறதா? "உறுதியானது, செல்லும்" என்று பொருள். வாசகம் அங்கே முடிகிறது.

அதற்குச் சற்று மேலே ஒரு வரி இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். மேலே எந்த வரியில் எந்தச் சொல்லை இடையில் சேர்த்தோம், எதை அழித்தோம் என்ற ஒப்புதல் அதில் இருக்கும். நம் பத்திரத்தில் அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதுபோல. அந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் தொகையிலோ பெயரிலோதான் இருக்கும். சண்டை எங்கே நடந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

கடைசி வரியில் புது விஷயம் எதையும் தேடாதீர்கள். யூதச் சட்டத் தொகுப்பான தல்மூத் காலத்து விதிப்படி பத்திரத்தின் கடைசி வரியிலிருந்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. கையொப்பத்துக்கு மேலே இடம் இருந்தால் எவனாவது ஒரு வரி சேர்த்துவிடுவான் என்ற பயம். அதனால் சொன்னதையே திரும்பச் சொல்லி முடிப்பார்கள். இன்னொரு விதி இதைவிட ருசியானது: மூன்று முதல் பத்து வரையுள்ள எண்களை வரியின் கடைசியில் எழுதக் கூடாது. அரமேயத்தில் தலாத் என்றால் மூன்று. வால்போல இரண்டு எழுத்தை ஒட்டினால் தலாத்தீன், முப்பது! செக்கில் தொகையை எழுதி "மட்டும்" என்று போட்டு நீளக் கோடு இழுக்கிறோமே, அதே கவலைதான்.

இப்போது நடுப்பகுதிக்கு வாருங்கள். "எவருடைய நிர்ப்பந்தமும் இன்றி, தவறோ மறதியோ இன்றி" என்ற வாய்பாட்டைத் தாண்டுங்கள். "கின்யான்" என்ற சொல் வந்தால் நில்லுங்கள். ஒரு துணியையோ பொருளையோ கையில் பிடித்துக் கொடுத்து ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தும் சடங்கு அது. யாரிடமிருந்து கின்யான் வாங்கினார்களோ, அவர்தான் ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்படுகிறார். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வழக்கில் ஏமாறும் இடம்

கெனிசாவில் அடிக்கடி கையில் சிக்குவது தீர்ப்பு இல்லை, விடுதலைப் பத்திரம். "இவர்மேல் எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எழுதிக் கொடுப்பது. என்ன சண்டை என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது, அதை மறப்பதற்காகத்தானே எழுதினார்கள். நீதிபதிகளும் சமரசத்தையே விரும்பினார்கள். கடவுள் பேரால் சத்தியம் செய் என்று சொன்னதும், பொய் சொல்லாதவர்கூடப் பயந்து இறங்கி வந்துவிடுவார். ஒருவர் ஒரு தொகைக்குச் சம்மதித்துவிட்டார் என்பதை வைத்து அவர்மேல் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

பெரிய வழக்கு ஒரே தாளில் இருக்காது. இந்தியாவரை போய்த் திரும்பிய வணிகர் யோசேப் லெப்தியின்மேல், வணிகர்களின் பிரதிநிதியாக இருந்த யெகுத்தியேல் தொடுத்த வழக்கு 1097, 1098இல் ஃபுஸ்தாத்தில் அமர்வு அமர்வாக நடந்தது. ஒவ்வொரு அமர்வுக்கும் தனிக் குறிப்பு. ஒன்றை மட்டும் படித்தால் வாதியின் பேச்சு முழுக்க உண்மையாகத் தோன்றும்.

சாட்சியக் குறிப்புக்கு நல்ல உதாரணம் அல்-வுஹ்ஷா என்று அழைக்கப்பட்ட கரீமா. வட்டாரத்தில் பெயர்பெற்ற தரகர், கையில் பணம் புரண்டவர். அஷ்கெலோன்காரர் ஹஸ்ஸூனால் கர்ப்பமானார். ஹஸ்ஸூன் குழந்தையை மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில், கரீமா ஹில்லெல் பென் எலி என்ற எழுத்தரிடம் போய் யோசனை கேட்டார். ஆட்களைத் திரட்டி, நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும்போது வந்து பார்க்கச் செய்யுங்கள் என்றார் ஹில்லெல். அப்படியே செய்தார். இதைப் படிப்பவர்கள் அவதூறுக் கதையாகவே படிக்கிறார்கள். நம் கேள்வியைப் போட்டால் முகம் மாறும். சாட்சியத்தைப் பதிவு செய்தது பிற்காலத்தில், அவருடைய மகன் யாருக்குப் பிறந்தவர் என்று நிலைநாட்டுவதற்காக. அம்மாவின் மானத்தை வாங்க இல்லை, பிள்ளையின் மானத்தைக் காக்க. இதே வுஹ்ஷாவைப் பாவநிவாரண நாளில் ஈராக்கியர் ஜெப ஆலயத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவருடைய உயிலில், இரவில் உட்கார்ந்து படிப்பவர்களின் விளக்கெண்ணெய்க்காக ஜெப ஆலயங்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார். ஈராக்கியர் ஆலயமும் அதில் உண்டு. உயில் ஒரு சீட்டு, சாட்சியம் வேறு சீட்டு. ஒன்றை மட்டும் பார்த்தவருக்குப் பாதி மனுஷிதான் தெரிவார்.

பின்காஸ் பக்கம் போக நினைத்தால்

போலந்து, ஜெர்மனி, இத்தாலிப் பதிவேடுகளில் அரபி இருக்காது. எபிரேயத்துக்கு நடுவே, ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷும், இத்தாலியமும் வரும். இரட்டைக் கோடு போட்ட சுருக்கங்கள் மண்டிக் கிடக்கும். "கோஃப் கோஃப்" என்றால் "புனித சமூகம்", "ஸாயின் லாமெத்" பெயருக்குப் பின்னால் வந்தால் அவர் காலமானவர். ஆண்டில் ஐயாயிரத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுவார்கள். 1240ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 408 என்றால் 1648, உக்ரைனில் கசாக்குக் கிளர்ச்சியின்போது படுகொலைகள் நடந்த ஆண்டு.

பார்னாஸ் என்ற சொல்லில் கவனம். ஃபுஸ்தாத்தில் அவர் வாடகை வசூலித்து ஏழைகளைக் கவனித்தவர். போலந்தில் அவர் ஊரையே ஆளும் தலைவர். போலந்து யூதர்களின் பொது நிர்வாக அமைப்பான "நான்கு நாடுகளின் சபை" 1764இல் கலைக்கப்பட்டது. அதன் மூலப் பதிவேடு பெரும்பாலும் தொலைந்துபோய்விட்டதால், சிதறிய நகல்களிலிருந்து அதை ஒட்டுப்போட்டுத்தான் மீட்க வேண்டியிருந்தது. வரி பிரித்த சண்டைகளைப் படிக்க விரும்புபவருக்கு ஒரு வாழ்நாள் வேலை அங்கே இருக்கிறது.

மேசையில் உட்கார்ந்ததும்

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. டி-எஸ் என்று தொடங்கினால் கேம்பிரிட்ஜின் டெய்லர்-ஷெக்டர் தொகுப்பு. ஈ-என்-ஏ என்றால் நியூயார்க்கில் உள்ள ஆட்லர் தொகுப்பு. அதை முதல் வரியில் எழுதாமல் எந்தக் குறிப்பும் எடுக்காதீர்கள். பிரின்ஸ்டன் கெனிசா திட்டத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பலவற்றுக்கு விவரமும் வாசகமும் வரும்.

பின்பக்கத்தைப் பாருங்கள், தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். காகிதம் விலை கூடியது, வீணாக்கமாட்டார்கள். பென் யிஜு தனக்கு வந்த கடிதங்களின் ஓரத்திலும் முதுகிலும் தன் கணக்கை எழுதினார். நான் ஒருமுறை முன்பக்கத்துக் கடன் பாக்கியையும் பின்பக்கத்து எண்ணெய்க் கணக்கையும் ஒரே ஆளுடையது என்று கோத்து ஒரு கதையே கட்டிவிட்டேன். மை வேறு, கை வேறு, இடையில் ஒரு தலைமுறை. கிழிந்த தாளின் மறுபாதி வேறு நாட்டு நூலகத்தில் இருப்பதும் சகஜம்.

நோட்டில் வரிக்கு வரி எண் போட்டு, தெரிந்த எழுத்தை மட்டும் எழுதுங்கள். சந்தேகமான எழுத்தின்மேல் ஒரு புள்ளி. கிழிந்த இடத்துக்குச் சதுர அடைப்பு. அடைப்புக்குள் ஊகத்தை எழுதினால் பென்சிலால் எழுதுங்கள். ஒரு தாளில் ஐந்து வரி தேறினால் அன்றைக்குப் போதும். அதன் பிறகுதான் படியெடுத்த வாசகத்தைத் திறந்து, எங்கே தாலெத்தை ரேஷாக்கினோம் என்று சிவப்பு மையில் திருத்த வேண்டும்.